வைரஸ் அளவு அப்படியே, கால்கள் மட்டும் மீண்டன: எச்டிஎல்வி-1 தண்டுவட அழற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐம்பதைத் தாண்டிய பெண். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கிடையாது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேலைக்குப் போகிறவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையை அகற்றும் அறுவை நடந்தது. அப்போது ரத்தப்போக்கு அதிகமாகி நான்கு பை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். தடிமனான அவருடைய கோப்பில் இந்த விவரம் ஒரே ஒரு வரியாக இருந்தது. அதைக் கால்களோடு சேர்த்து யோசிக்க அதுவரை யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

நரம்பியல் பிரிவுக்கு அவர் வந்தது வேறொரு கேள்வியோடு. கழுத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, நடை மோசமாகிக்கொண்டே போகிறது, அறுவை செய்தால் பலன் இருக்குமா என்று அறுவை மருத்துவர் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார். நல்ல கேள்வி. அவர் கேட்காமல் அறுவையை முடித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். கடைசியில் காரணமாகத் தெரிந்தது எச்டிஎல்வி-1, ரத்தம் வழியாகவும் தொற்றக்கூடிய ஒரு ரெட்ரோவைரஸ் (எச்ஐவியும் அந்த இனம்தான்). அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வருவதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டு

முதலில் கெட்டது சிறுநீர்ப்பை. அடிக்கடி போக வேண்டியிருந்தது, ராத்திரியில் நான்கைந்து முறை எழ வேண்டியிருந்தது. போனாலும் முழுதாகப் போன நிறைவு இல்லை. சிறுநீர்த் தொற்று என்று பலமுறை ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. கிருமி வளர்ப்புச் சோதனைகளில் பெரும்பாலும் எதுவும் வளரவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கால்கள் கனக்க ஆரம்பித்தன. படியேறக் கைப்பிடி தேவைப்பட்டது, அப்புறம் தட்டையான தரையிலும் ஒரு கோல். எங்களிடம் வரும்போது இரண்டு கையாலும் எதையாவது பிடித்தால்தான் நடை. கால் கனத்ததிலிருந்து இந்த நிலைக்கு வர ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. கீழ்முதுகு வலியும் இருந்ததால் இடுப்புப் பகுதிக்கு ஒரு எம்ஆர்ஐ, பின்னர் கழுத்துக்கு ஒன்று எடுத்திருந்தார்கள். இடுப்பில் வயதுக்கேற்ற தேய்மானம்தான். கழுத்தில் ஒரு டிஸ்க் தண்டுவடத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆனால் தண்டுவடத்தின் நிறம் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மார்புப் பகுதியை யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

பரிசோதனையில் கண்டது

அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே செருப்பு தரையை உரசும் சத்தம் கேட்டது. கழற்றச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு செருப்பிலும் பெருவிரல் இருக்கும் முனை ரப்பர் தெரியும்வரை தேய்ந்திருந்தது. குதிகால் பக்கம் புதிதுபோல் இருந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பவர்களின் செருப்பு இப்படித்தான் தேயும்.

இரண்டு கால்களிலும் விறைப்பு. முழங்கால் அனிச்சை துள்ளியது, கணுக்காலைத் தள்ளிப் பிடித்தால் பாதம் நிற்காமல் அடித்துக்கொண்டது, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி வளையும் பாபின்ஸ்கி குறி இருபுறமும் நேர்மறை; எல்லாம் தண்டுவடத்தைச் சுட்டும் அடையாளங்கள். பெருவிரலில் அதிர்வு உணர்வு குறைந்திருந்தது. கைகளில் அனிச்சை சற்று மிகையாக இருந்தாலும் வலிமை குறையவில்லை. பொத்தான் போடுவதிலும் எழுதுவதிலும் ஒரு சிரமமும் இல்லை. கழுத்து டிஸ்க்கை நாங்கள் சந்தேகித்தது இதனால்தான். கால்களை இந்த அளவுக்கு முடக்கும் அழுத்தம் கழுத்தில் இருந்தால் கைகள் இவ்வளவு சுத்தமாகத் தப்புவது அரிது. சிறுநீர் கழித்த பிறகும் பையில் 280 மில்லி தேங்கியிருந்தது.

எச்டிஎல்வி-1 நோயில் நடையை அளக்க ஒசாமே அளவுகோல் என்று ஒன்று உண்டு. 0 என்றால் இயல்பு, 13 என்றால் படுக்கையில் கால்விரலைக்கூட அசைக்க முடியாத நிலை. இவருக்கு 6. பத்து மீட்டர் நடக்க 38 நொடி எடுத்துக்கொண்டார்.

முதல் முடிவு: கழுத்து அறுவையை நிறுத்திவைப்பது, மார்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுப்பது. அதில் தண்டுவடம் நீளவாக்கில் மங்கலாக வெளுத்து, கொஞ்சம் வீங்கியும் தெரிந்தது. வெளியிலிருந்து எதுவும் அழுத்தவில்லை. அப்படியானால் உள்ளே அழற்சி.

காரணத்தைத் தேடியது

பி12, தாமிரம், தைராய்டு, சிபிலிஸ், எச்ஐவி எதிலும் குறை இல்லை. தண்டுவடத்தைத் தன் உடலே தாக்கும் நோய்களில் வரும் அக்வாபோரின்-4, மாக் எதிரணுக்களும் (ஆன்டிபாடிகள்) இல்லை. வழக்கமான பட்டியல் இத்தோடு முடிந்துவிடும். எச்டிஎல்வி-1 அதில் கிடையாது. கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டும்போது அந்த நான்கு பை ரத்தம் கண்ணில் பட்டதால்தான் அந்தச் சோதனையையும் சேர்த்தோம். அறுவை நடந்த இடத்தில் கொடை ரத்தத்தில் இந்த வைரஸைத் தேடும் வழக்கம் இல்லை என்று விசாரித்தபோது தெரிந்தது.

எலைசா என்ற முதல்கட்ட எதிரணுச் சோதனை நேர்மறை. உறுதிச் சோதனையும் அதையே சொன்னது, வகை 1. ரத்தத்தில் எதிரணு இருந்தால் மட்டும் போதாது. வைரஸைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நோயும் இல்லாமலே வாழ்ந்துவிடுகிறார்கள், தண்டுவட நோய் வருவது 4 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்குத்தான். எனவே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத் திரவம் எடுத்தோம். அதிலும் எதிரணு இருந்தது. வெள்ளணுக்கள் 16, எல்லாம் லிம்போசைட். புரதம் சற்று அதிகம்.

நோய் இன்னது என்று தெரிந்துவிட்டது. இப்போது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதுதான் தெரிய வேண்டும். வழக்கமான அறிக்கை அதைச் சொல்லாது. திரவத்தில் ஒரு பகுதியை உறையவைத்து, அழற்சியின் வேகத்தைக் காட்டும் சிஎக்ஸ்சிஎல்10, நியோப்டெரின் என்ற இரண்டு பொருள்களையும் அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நியோப்டெரின் வெளிச்சம் பட்டால் சிதையும், அதனால் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். சிஎக்ஸ்சிஎல்10 ஒரு மில்லிக்கு 6,200 பிகோகிராம் என்றும், நியோப்டெரின் 58 பிகோமோல் என்றும் முடிவு வந்தது. ஜப்பானிய வழிகாட்டுதலில் முதலாவது 4,400ஐயோ இரண்டாவது 44ஐயோ தொட்டாலே நோய் தீவிரமானது என்று கணக்கு. இவருக்கு இரண்டுமே அதைத் தாண்டியிருந்தன.

உள்ளே நடப்பது என்ன

இந்த வைரஸ் மனிதரைத் தாக்கும் ரெட்ரோவைரஸ்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது; அது 1980இல் வெளியானது. தண்டுவட நோயோடு அதற்குள்ள தொடர்பை 1985இல் மார்ட்டினிக் தீவிலும் 1986இல் ஜப்பானின் ககோஷிமாவிலும் தனித்தனியாகக் கண்டார்கள். நரம்புச் செல்களை வைரஸ் நேரடியாகத் தின்றுவிடுகிறது என்று நினைத்தால் இந்த நோய் புரியாது. அது குடியிருப்பது நோய்எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான சிடி4 டி செல்களில். நரம்பு இழைகள் சேதமாவது பக்கத்தில் நடக்கும் சண்டையால்.

சண்டையின் வரிசை இதுதான். வைரஸின் டாக்ஸ் புரதம் தான் குடியேறிய டி செல்லின் குணத்தையே மாற்றி, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையான இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கவைக்கிறது. அந்தச் செல் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் இன்டர்ஃபெரான்-காமா பக்கத்திலுள்ள, நரம்புகளுக்குத் துணைநிற்கும் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தூண்டுகிறது. அவை பதிலுக்குச் சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைனை, அதாவது செல்களைக் கூப்பிடும் சமிக்ஞையை, விடுகின்றன. சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பியைச் சுமக்கும் டி செல்களை அது ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கிறது. வந்து சேரும் செல்களில் கணிசமானவை அதே வைரஸைச் சுமப்பவை. அவையும் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றன, ஆஸ்ட்ரோசைட்டுகள் இன்னும் அதிகமாகக் கூப்பிடுகின்றன. தீயணைக்க அழைத்த வண்டியில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தால் எப்படியோ அப்படி. இதே இன்டர்ஃபெரான்-காமா கிருமிகளை விழுங்கும் செல்களான மேக்ரோஃபேஜ்களைத் தட்டி எழுப்பும்போது அவை விடுவதுதான் நியோப்டெரின். ஆகவே நாங்கள் அளந்த இரண்டு எண்களும் ஒரே சுழலின் இரண்டு இடங்கள்.

இந்த நோய் சிலருக்கு முப்பது ஆண்டு இழுக்கும், சிலரை இரண்டே ஆண்டில் சாய்த்துவிடும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைக் காட்டும் புரோவைரல் அளவு நோயாளிகளுக்குப் பொதுவாக அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் நோயின் வேகத்தை அதைவிட நெருக்கமாகக் காட்டுவது முதுகுத் திரவத்தின் இந்த இரண்டு எண்கள். ரத்தம் ஏற்றியதால் தொற்றியவர்களிடம் நோய் வேகமாகப் போவதும் பலமுறை பதிவாகியிருக்கிறது. எங்கள் நோயாளிக்கு இரண்டும் பொருந்தின.

ஸ்டீராய்டுக்கு முன் இரண்டு நாள்

சுழலை அடக்கக் கையில் இருந்த மருந்து ஸ்டீராய்டு. கணவருக்குப் பொறுமை இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. "மருந்து இருக்குன்னு நீங்களே சொல்றீங்க டாக்டர், அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு நாள்?" என்று கேட்டார்.

காரணம் ஒரு புழு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் உடலில் இருக்கக்கூடியது. அதை அடக்கிவைப்பது ஐஜிஇ என்ற எதிரணுவும் இயோசினோஃபில் என்ற வெள்ளணுவும் சேர்ந்த எதிர்வினை. எச்டிஎல்வி-1 உள்ளவரிடம் நோய்எதிர்ப்பு இன்டர்ஃபெரான்-காமா பக்கமாகச் சாய்ந்துவிடுவதால் அந்த எதிர்வினை ஏற்கெனவே பலவீனம். அதன்மேல் அதிக அளவு ஸ்டீராய்டைக் கொட்டினால் புழு நுரையீரல், மூளை என்று பரவி உயிரையே எடுத்துவிடலாம். தண்டுவடத்தைக் கெடுக்கும் அதே சமிக்ஞைதான் குடலில் காவலையும் தளர்த்துகிறது. இந்த நோயைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை, இயோசினோஃபிலும் சாதாரணம். இந்த வைரஸ் உள்ளவரிடம் அந்த இரண்டையும் நம்பிப் புழு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரணுச் சோதனைகூடச் சில சமயம் ஏமாற்றும். அது வரக் காத்திருப்பதா, ஸ்டீராய்டை உடனே தொடங்குவதா என்ற விவாதத்தில் மூன்றாவது வழியை எடுத்தோம். முடிவுக்குக் காத்திராமல் புழு மருந்தான ஐவர்மெக்டினை இரண்டு நாள் கொடுத்துவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்குவது. இந்த வேகத்தில் நோய் போகும்போது வாரக்கணக்கில் காத்திருப்பது தவறு, இரண்டு நாள் தவறில்லை என்று கணவரிடம் சொன்னோம். ஒத்துக்கொண்டார். பின்னால் வந்த எதிரணுச் சோதனை இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளில் காசநோய், ஹெபடைட்டிஸ் பி, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்து முடித்தோம். இதே வைரஸ் தரும் ரத்தப் புற்றுநோயின் அடையாளமான, பூவிதழ்போல் உட்கரு பிரிந்த செல்களை ரத்தப் பூச்சில் தேடினோம். இல்லை.

சிகிச்சையும் முதல் மூன்று மாதமும்

மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியே. அதன்பின் அதே வகை பிரெட்னிசலோன் நாளுக்கு 30 மில்லிகிராம் மாத்திரை, எடைக்கு ஏறக்குறைய கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கு. விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபெனை வேண்டுமென்றே இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். சேர்த்துக் கொடுத்தால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். தவிர, இவரை நிற்கவைத்திருந்ததில் அந்த விறைப்புக்கும் பங்குண்டு; அவசரமாகத் தளர்த்தினால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவார்.

இரண்டாவது வார முடிவில் பத்து மீட்டர் நடை 24 நொடிக்கு வந்தது. மூன்றாவது மாதம் 17 நொடி, ஒரே கோலோடு. ஒசாமே அளவு 6இலிருந்து 5. எழுத்தில் ஒரே ஒரு எண் மாற்றம். அவருக்கோ ஒரு கை விடுதலையானது. இடையில் உடற்பயிற்சியும் பாக்லோஃபெனும் சேர்ந்துவிட்டதால் மூன்றாவது மாதத்து முன்னேற்றம் முழுவதையும் ஸ்டீராய்டின் கணக்கில் எழுத முடியாது. முதல் இரண்டு வாரத்தை எழுதலாம்.

திரும்ப முதுகுத் திரவம் எடுத்தபோது சிஎக்ஸ்சிஎல்10 1,450, நியோப்டெரின் 14, வெள்ளணுக்கள் 4. ரத்தத்தில் புரோவைரல் அளவு சிகிச்சைக்கு முன் நூறு செல்லுக்கு 11ஆக இருந்தது, இப்போது 10. அதாவது வைரஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அடங்கியது அது கிளப்பிவிட்ட கூச்சல் மட்டும்தான்.

சிறுநீர்ப்பை அவ்வளவாகத் திருந்தவில்லை. எங்களுக்கு நடை முக்கியமாகப் பட்டது, அவருக்கு அப்படி இல்லை. "நடை பரவாயில்லை டாக்டர், ராத்திரி தூங்க விட்டால் போதும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நாளுக்கு நான்கு முறை தானே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொடுத்த பிறகுதான் ராத்திரித் தூக்கம் திரும்பியது. ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்துக்குக் கிடைக்காத நன்றி அந்தக் குழாய்க்குக் கிடைத்தது.

மருந்தைக் குறைத்தபோது

ஸ்டீராய்டு சும்மா இருக்கவில்லை. எடை கூடியது, சர்க்கரை எல்லையைத் தொட்டது, எலும்புக்கு மாத்திரை சேர்க்க வேண்டியிருந்தது. மெல்ல இறக்கி ஏழாவது மாதம் 5 மில்லிகிராமுக்கு வந்தோம், நடை அப்படியே நின்றது. ஒன்பதாவது மாதம் 2.5க்கு இறக்கினோம். ஆறு வாரம் கழித்து நடை 18 நொடி, அவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் திரவத்தில் சிஎக்ஸ்சிஎல்10 3,100க்கு ஏறியிருந்தது.

இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு. நோயாளி நன்றாக இருக்கும்போது எண்ணுக்கு மருந்து கொடுப்பதா என்று ஒரு தரப்பு கேட்டது. மறுதரப்பு, தண்டுவடத்தில் ஒருமுறை இழந்த இழை திரும்பாது, கால் சொல்லும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும் என்றது. நான் இரண்டாவது பக்கம். 5 மில்லிகிராமுக்குத் திரும்பினோம். அந்த மாற்றம் பிடிப்பதற்குள் நடை 22 நொடிக்குப் போய், பிறகு 18க்கு வந்து நின்றது. எண் முதலில் ஏறியது, கால் அதன்பின் தளர்ந்தது. ஒரே ஒருவரிடம் ஒரே ஒருமுறை பார்த்ததை விதியாக்க முடியாதுதான். இருந்தாலும் அடுத்த நோயாளியிடம் நான் எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

வேறு மருந்து இல்லையா?

மகள் நிறையப் படித்துவிட்டு வந்து கேட்டார். எச்ஐவிக்குக் கொடுக்கும் மருந்துகள் ஏன் கூடாது? இரண்டும் ரெட்ரோவைரஸ் என்பதால் நியாயமான கேள்வி. ஆனால் எச்டிஎல்வி-1 தொற்று நிலைத்துவிட்ட பிறகு, புதிய வைரஸ் துகள்களைச் செய்து பரவுவதைவிட, தான் குடியிருக்கும் செல்லையே பெருகவைத்துத்தான் பெரும்பாலும் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஜிடோவுடின், லாமிவுடின் என்ற இரண்டு எச்ஐவி மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது, பலன் இல்லை.

இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஜப்பானில் இந்த நோய்க்குப் பயன்படுத்தப்பட்ட மருந்து. இன்டர்ஃபெரான்தானே நோய்க்குக் காரணம், அதையே எப்படிக் கொடுப்பது என்று அவர் குழம்பியது இயல்பு. குடும்பப் பெயர் ஒன்று, ஆல்ஃபாவின் வேலை வேறு, காமாவின் வேலை வேறு. காய்ச்சலும் சோர்வும் தரும் ஊசி என்பதால் ஸ்டீராய்டு பலன் தருகிறவரை அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது மோகமுலிசுமாப். வைரஸ் விரும்பிக் குடியேறும் செல்களின் மேல் இருக்கும் சிசிஆர்4 என்ற ஏற்பியைக் குறிவைக்கும் எதிரணு. ஸ்டீராய்டு போதாத 21 பேரிடம் நடந்த முதற்கட்ட ஆய்வு 2018இல் வெளியானது. அதில் புரோவைரல் அளவும் குறைந்தது, திரவத்தின் இரண்டு எண்களும் குறைந்தன. தோல் தடிப்புதான் அதிகம் வந்த பக்கவிளைவு. சுழலின் வேரில் கைவைக்கும் மருந்து என்பதால் கவர்ச்சிதான். ஆனால் எங்கள் நோயாளிக்கு 5 மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. தேவைப்பட்டால் பார்ப்போம் என்று விட்டோம்.

குடும்பமும் ரத்தமும்

இந்த வைரஸ் தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியே தொற்றும். பிள்ளைகள் பிறந்தது ரத்தம் ஏற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, ஆகவே அந்த ரத்தத்தால் வந்த தொற்றென்றால் தாய்ப்பால் வழியே அவர்களுக்குப் போயிருக்க வழியில்லை. நோயாளிக்கே தாய்ப்பால் வழியே வந்ததா என்று பார்க்க, உயிரோடு இருந்த அவருடைய தாயையும் சோதித்தோம், இல்லை. கணவருக்கும் இல்லை. ஆகவே அந்த நான்கு பைகள்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆணுறை பற்றியும் இனி ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது பற்றியும் இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். கணவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், நோயாளி எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்டார்.

ஒன்றரை ஆண்டு முடிவில் வீட்டுக்குள் கோல் இல்லாமலும் வெளியே ஒரு கோலோடும் நடக்கிறார். விறைப்பு இருக்கிறது, குழாய் தொடர்கிறது. சிஎக்ஸ்சிஎல்10 1,700க்குப் பக்கத்தில் நிற்கிறது.

நடைமுறையில் மாற்றியவை

கால் விறைப்போடு சிறுநீர்ச் சிக்கலும் சேர்ந்து வந்து கைகள் நன்றாக இருந்தால், இப்போது தண்டுவடம் முழுவதையும் ஒரே அமர்வில் படம் எடுக்கச் சொல்கிறோம். ரத்தம் ஏற்றிய வரலாறு கேள்வித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. முதல் ஊசியிலேயே ஒரு குழாய்த் திரவத்தைக் கூடுதலாக எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்கிறோம். தேவைப்படாவிட்டால் கொட்டிவிடலாம், தேவைப்பட்டால் முதுகில் இன்னொரு முறை குத்த வேண்டாம்.

ரத்த வங்கிக்குத் தகவல் சொல்ல எங்கள் நடைமுறையில் இடமே இருக்கவில்லை. யார் எழுதுவது, எந்தத் தாளில் எழுதுவது என்பதே தெரியாமல் கடிதம் போகச் சில வாரம் ஆனது. வைரஸ் வெள்ளணுவுக்குள் இருப்பதால் ஒரே கொடையிலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் ஆபத்து மிகக் குறைவு; ஆனால் அதே கொடையாளர் வேறு தேதிகளிலும் கொடுத்திருக்கலாம். கொடையாளர்களில் மூவரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை. நான்காமவர் முகவரி மாறிப் போயிருந்தார். அவர் பெயரில் இனி வரும் கொடையை நிறுத்திவைக்கக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். இப்போது உறுதிச் சோதனை முடிவு வரும் அன்றே ரத்த வங்கிக்கு ஒரு நகல் போகிறது.